சமுதாய நலவாழ்வில் பிஎச்.டி.: 12 கிரெடிட்டுக்கு உள்ளே என்ன, வெளியே என்ன?

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.யில் சேரலாம் என்று 2024 ஜூன் தேர்விலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி மாற்றியதும், சமுதாய நலவாழ்வுத் துறையில் ஆய்வு செய்ய நினைப்பவர்களிடம் குழப்பம் கூடிவிட்டது. நர்சிங் படித்தவர் சேரலாமா, சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரை எடுப்பார்களா, கோர்ஸ்வொர்க் எனப்படும் தொடக்க வகுப்புகள் ஆறு மாதமா இரண்டு வருடமா, ஜர்னலில் பேப்பர் வந்தால்தான் தீசிஸ் கொடுக்க முடியுமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பதில் 2022 நவம்பரில் யுஜிசி வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் விதி சொல்வது குறைந்தபட்சத்தை மட்டும்தான், வகுப்பு என்றால் 12 கிரெடிட். இந்தத் துறையில் ஒழுங்காக ஓர் ஆய்வு செய்யத் தேவைப்படுவது அதைவிட எவ்வளவோ அதிகம், அந்த மிச்சத்தை எங்கே பெறுவது என்பதைச் சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எது எந்தப் பட்டம்

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள்.

1. சமுதாய மருத்துவத்தில் எம்.டி. என்பது எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கான 3 ஆண்டு மேற்படிப்பு. நீட் பிஜி போன்ற மருத்துவ நுழைவுத் தேர்வு வழியாகத்தான் போக முடியும்.

2. எம்.பி.எச். என்பது பொது சுகாதாரத்தில் முதுகலை. பெரும்பாலும் 2 ஆண்டு. மருத்துவர் அல்லாதவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள்.

3. பிஎச்.டி. ஆய்வுப் பட்டம். துறைப் பெயர் பொது சுகாதாரம், சமுதாய நலவாழ்வு, சுகாதார அமைப்பு ஆய்வு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

4. டி.ஆர்.பி.எச். என்பது அமெரிக்காவிலும் பிரிட்டனில் சில இடங்களிலும் இருக்கும் தொழில்முறை முனைவர் பட்டம். சுகாதாரத் துறையை நடத்தப்போகிறவர்களுக்கானது. புதிய அறிவை உருவாக்குவதைவிட, இருக்கிற அறிவை நிர்வாகத்தில் செயல்படுத்துவதில்தான் அதற்கு அழுத்தம் அதிகம்.

ஆக, பிஎச்.டி. என்பது எம்.டி.க்கு மேலே உள்ள படி அல்ல, அது வேறு பாதை. நோயாளிக்குச் சிகிச்சை தர அது கற்றுத் தராது. ஒரு மக்கள்கூட்டத்தில் நோய் ஏன் இப்படிப் பரவிக் கிடக்கிறது, மருத்துவ வசதி ஏன் சிலருக்கு எட்டுகிறது, சிலருக்கு எட்டவில்லை என்பதைக் கேட்கக் கற்றுத்தரும்.

இதற்கு நல்ல உதாரணம் 1960களின் தொடக்கத்தில் பெங்களூருவின் தேசியக் காசநோய் நிறுவனத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. கிராமத்து மக்களுக்குக் காசநோய் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அப்போது பரவலாக நினைத்தார்கள். ஆய்வாளர்கள் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், கணக்கெடுப்பில் அடையாளம் காணப்பட்ட நோயாளிகளிடமே போய்க் கேட்டார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது தெரிந்தே இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயும் இருந்தார்கள், அங்கே இருமல் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கோளாறு நோயாளியின் அறியாமையில் இல்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது என்று கேள்வியே தலைகீழாகத் திரும்பியது. 1963ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான ஆய்வு அது. பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவம், சமுதாய நலவாழ்வு மையத்தை உருவாக்கி வளர்த்தவரும் அதே பானர்ஜிதான்.

யார் சேரலாம்

1. 2 ஆண்டு முதுகலை முடித்து 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

2. முதுகலை இல்லாமல், 4 ஆண்டு இளநிலைப் பட்டத்தோடு நேராக வருபவர்களுக்கு 75 சதவீதம். 2022 விதிகள் கொண்டுவந்த மாற்றம் இது. எம்.ஃபில். படிப்பையும் அதே விதிகள் நிறுத்திவிட்டன, முன்பே முடித்து வைத்திருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை.

3. எந்தத் துறை முதுகலை என்பதை அந்தந்த நிறுவனம்தான் சொல்லும். எம்.பி.எச்., எம்.எஸ்.டபிள்யூ., சமூகவியல், பொருளாதாரம், புள்ளியியல், ஊட்டச்சத்து, நர்சிங் எல்லாம் பல இடங்களில் செல்லும். நர்சிங்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நர்சிங்கில் பிஎச்.டி. என்பது தனிப் பட்டம், நர்சிங் கல்லூரி வேலைதான் இலக்கு என்றால் அதையே எடுப்பது நல்லது.

சேர்க்கைக்கு இரண்டு வாசல். ஒன்று, பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வு. வினாத்தாளில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம், தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30. இன்னொன்று நெட். அதில் 'சமூக மருத்துவம், சமுதாய நலவாழ்வு' என்று தனிப் பாடமே இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்கள் நேர்முகத்துக்குப் போனால் போதும். அதற்கு அடுத்த இரண்டு பிரிவில் (உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி) வருகிறவர்களுக்கு நெட் பெர்சன்டைலுக்கு 70 சதவீத எடை, நேர்முகத்துக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

இந்த ஓராண்டுதான் சிக்கலே. ஒரு பேராசிரியர் அதிகபட்சம் 8 ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நெட் எழுதி வரும்போது உங்கள் தலைப்புக்குத் தோதான கைடிடம் இடம் காலியாக இல்லையென்றால், பெர்சன்டைல் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும்போதே யாரிடம் எத்தனை இடம் இருக்கிறது என்று துறையில் விசாரித்து வைப்பது உத்தமம்.

12 கிரெடிட் என்பது எவ்வளவு நேரம்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். வகுப்புக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேரம். ஆக மொத்தம் குறைந்தது 180 மணி நேரம், தேறுவதற்கு 55 சதவீதம் வேண்டும்.

இதில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்ற பாடம் எல்லாத் துறைக்கும் கட்டாயம், அதற்கு 2 கிரெடிட், 30 மணி நேரம். திருட்டு ஆய்வு, போலி ஜர்னல், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் வெளியீடு, மேற்கோள் கணக்கீடு எல்லாம் அதில் வரும். ஆய்வு முறையியலும் கட்டாயம், அதற்கு ஒரு 4 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம், 60 மணி நேரம். 12 கிரெடிட்டில் மீதி 90 மணி நேரம். அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டியவற்றைப் பாருங்கள்:

1. எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப்பரவலியல். புதிதாக நோய் வருவோர் விகிதம், ஒரு நேரத்தில் நோயோடு இருப்போர் விகிதம், ஆய்வு வடிவங்கள், பிழை வரும் வழிகள்.

2. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எனப்படும் உயிரிப் புள்ளியியல். சராசரியில் தொடங்கி, காரணிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் ரிக்ரெஷன் வரை, அப்புறம் சர்வே தரவைக் கையாளும் முறைகள்.

3. பண்புசார் ஆய்வு. ஆழ்ந்த நேர்காணல், குழுக் கலந்துரையாடல், பேச்சை எழுத்தாக்கிப் பகுத்தல்.

4. சுகாதார அமைப்பும் கொள்கையும். ஜோசப் போர் (Bhore) தலைமையிலான கமிட்டியின் 1946 அறிக்கை, ஆரம்ப சுகாதாரத்தை வலியுறுத்திய 1978ன் அல்மா அட்டா பிரகடனம் தொடங்கி இன்றைய காப்பீட்டுத் திட்டங்கள் வரை.

5. சாதி, வருமானம், பாலினம், தண்ணீர், வீடு என்று உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணங்கள்.

நூறு மணி நேரத்துக்குள் இதையெல்லாம் ஒருவர் கற்றுவிட முடியாது. எம்.பி.எச். முடித்து வருபவருக்கு இவை பழகியவை, அவருக்கு 12 கிரெடிட் நினைவூட்டலாக அமைந்துவிடும். சமூகவியலிலிருந்து வருபவருக்கு ரிக்ரெஷன் புதிது, புள்ளியியலிலிருந்து வருபவருக்குக் குழுக் கலந்துரையாடல் புதிது. அமெரிக்காவில் இதே பட்டத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு வகுப்பு, பிறகு தகுதித் தேர்வு, அதற்குப் பிறகுதான் ஆய்வு. இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகத்தில் கம்யூனிட்டி ஹெல்த் என்ற பெயரிலேயே பிஎச்.டி. இருக்கிறது. பிரிட்டனில் நேர் எதிர், வகுப்பே பெரும்பாலும் கட்டாயம் இல்லை. நம் நாட்டு முறை நடுவில் நிற்கிறது. படிப்பைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை ஏற்கெனவே கற்றிருப்பீர்கள் என்று நம்பிக்கொள்கிறது.

எனவே எம்.பி.எச். வகுப்புகளும் நடக்கும் நிறுவனத்தில் சேருவது பெரிய அனுகூலம், கைடு சம்மதித்தால் அந்த வகுப்புகளில் போய் உட்காரலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னை அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் எல்லாம் அந்த வகை. சேருவதற்கு முன்பே தொடங்க நினைப்பவர்களுக்கு, அயப்பாக்கம் நிறுவனம் மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்தும் அடிப்படை மருத்துவ ஆய்வுப் பாடம் இருக்கிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பாடம் அது, மற்றவர்களும் கேட்கலாம்.

வகுப்பில் கற்றது எங்கே உதைக்கும்: ஒரு கணக்கு

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டில் மாத்திரை வாங்குவோரில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை பேரிடம் போக வேண்டும்?

1. சுமார் 25 சதவீதம் பேருக்குக் கட்டுக்குள் இருக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு, 5 சதவீதம் முன்பின் துல்லியம் வேண்டும் என்றால், சூத்திரம் தரும் விடை 288 பேர்.

2. ஆனால் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 288 பேரைத் தேடிப் போக முடியாது. சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு 16 பேர் என்று பார்ப்போம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சுகாதார ஊழியரிடம் மாத்திரை வாங்குவார்கள், ஒரே கடையில் உப்பும் ஊறுகாயும் வாங்குவார்கள், அதனால் 16 பேர் 16 தனித்தனிச் செய்தி தர மாட்டார்கள். இதற்கு ஈடாக எண்ணிக்கையை ஏற்றுவதுதான் டிசைன் எஃபெக்ட்.

3. ஊருக்குள் ஒற்றுமை 0.05 என்றால் ஏற்ற வேண்டியது 1.75 மடங்கு. 0.1 என்றால் 2.5 மடங்கு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் 2 மடங்கு என்றால் 576 பேர், பத்துக்கு ஒருவர் வீட்டில் இருக்க மாட்டார் என்று சேர்த்தால் 640. இதே கணக்கு 2.5 மடங்கில் 800 ஆகிறது.

640க்கும் 800க்கும் நடுவில் இருக்கும் 160 வீடுகள் என்பது பல வார அலைச்சல், பஸ் கட்டணம், களப்பணியாளர் சம்பளம். 2 என்று எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தேர்வாளர் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கேட்டால், சீனியர் தீசிஸில் இருந்தது என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கை சரியாகிவிட்டாலும் முடியவில்லை. மாத்திரை கொண்டுவரும் ஊழியரையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனால், "தினமும் போடுறேம்மா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திட்டத்தில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டால் இன்னொரு வம்பு. வீட்டில் மாத்திரை வாங்குவோரில் வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும் அதிகம், அவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இருந்தால் அதற்குத் திட்டத்தைக் குறை சொல்ல முடியுமா? எபிடெமியாலஜி வகுப்பில் குழப்பும் காரணி என்று ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் விஷயம்தான் இது, களத்தில் தீசிஸையே கவிழ்த்துவிடும்.

வகுப்புக்கும் களத்துக்கும் நடுவில்

கோர்ஸ்வொர்க் முடிந்ததும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் சினாப்சிஸ் எனப்படும் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை வைக்க வேண்டும், அதன்பின் ஒவ்வொரு செமஸ்டரும் அதே குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவி வேலையும் தரலாம். இவை பரவாயில்லை. காலத்தை விழுங்குவது எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும் அரசு அனுமதியும்.

1. மனிதர்களிடம் தரவு எடுக்கும் எந்த நலவாழ்வு ஆய்வையும் நெறிமுறைக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) பார்த்தாக வேண்டும். 2019ன் விதிகள்படி அந்தக் குழு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வழிகாட்டி ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள். தரவு எடுத்துவிட்டு அப்புறம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

2. ஒப்புதல் படிவம் தமிழில், கேட்பவருக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் வேண்டும். வயல் வேலை நேரத்தில் அப்படி ஒரு சாட்சியைப் பிடிப்பதே ஒரு வேலை.

3. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரவு எடுக்கப் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதி தனி. வெளிநாட்டு நிதியோ கூட்டோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போகும்.

4. மக்களிடம் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்து பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் தவிர்க்க நினைப்பவர்கள் தேசியக் குடும்பநல ஆய்வின் தரவைப் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்கிறார்கள். 2019-21ல் நடந்த ஐந்தாவது சுற்றில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெயரில்லாத தரவு என்பதால் நெறிமுறைக் குழு வேலை சுலபம். ஆனால் எடையிடலையும் (ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற கணக்கு) ஊர்க்கொத்துகளையும் கணக்கில் எடுக்காமல் மென்பொருளில் போட்டுத் தட்டினால் வரும் விடை தப்பு, அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த தேர்வாளர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கும் தீசிஸும்

கோர்ஸ்வொர்க்கும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2, ஆக மொத்தம் 10 வரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு உண்டு. வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரலாம். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. பதிவுக் காலம் முழுவதும் இது வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள், அதிகபட்சம் 5 ஆண்டுதான்.

பேப்பர் விஷயம்: 2016 விதிகளில் தீசிஸுக்கு முன் ஒரு ஜர்னல் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் கட்டாயம். 2022 விதிகள் அதை எடுத்துவிட்டன. பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். எந்த ஜர்னல் சரி என்று சொல்லிவந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. தரமான ஜர்னலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளர், கைடு தலையில்.

நகலெடுப்புக்கு 2018 விதிகள் படி வைத்திருக்கின்றன. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்கவே முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. இந்தச் சோதனையில் தேறினால் நிறுவனத்துக்கு வெளியே இரண்டு தேர்வாளர்கள், அப்புறம் வைவா. சமர்ப்பித்ததிலிருந்து 6 மாதத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்கிறது விதி.

'வீட்டிலிருந்தே டாக்டரேட்'

இந்த விளம்பரங்களுக்கு ஒரே பதில்தான். இணையவழியிலோ தொலைநிலையிலோ பிஎச்.டி. நடத்த இந்திய நிறுவனங்களுக்கு அனுமதி கிடையாது. கல்வி நிறுவன ஆப்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்று விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.கள் செல்லாது என்று 2022 அக்டோபரிலேயே யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் எச்சரித்துவிட்டன. விதிகளை மீறிப் பட்டம் கொடுத்ததற்காக ராஜஸ்தானைச் சேர்ந்த 3 தனியார் பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுக்கு ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் தடை வந்தது.

பட்டம் எங்கே செல்லும்

மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையில் பேராசிரியர் வரிசைக்கு எம்.டி.யைத்தான் கேட்கிறார்கள், பிஎச்.டி. அதற்கு ஈடாகாது. புள்ளியியலாளர் போன்ற சில பணியிடங்கள்தான் மற்றவர்களுக்கு. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2023 ஜூலையிலிருந்து நெட் அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் ஏதாவது ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. கற்பிக்கும் வேலை மட்டுமே குறி என்றால் ஆறு வருடத்தை இதில் போடுவதற்கு முன் யோசிக்கலாம்.

ஆய்வு நிறுவனங்கள், மாநிலத் திட்டங்களை மதிப்பிடும் அமைப்புகள், பெரிய தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில்தான் இந்தப் பட்டத்துக்குத் தனி மதிப்பு. அங்கே நேர்முகத்தில் பட்டத்தின் பெயரைவிட, மாதிரி அளவை எப்படித் தீர்மானித்தீர்கள், தரவை நீங்களே அலசினீர்களா இல்லை வெளியில் காசு கொடுத்துச் செய்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு, காசு கொடுத்துத்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 12 கிரெடிட்டோடு நிறுத்திக்கொண்டவர்களே அவர்களில் அதிகம்.